கடலுக்கு வண்டி கட்டிய கோடை

எங்கள் வீட்டில் கடலைப் பார்த்தவள் அத்தை ஒருத்திதான். அவளைக் கட்டிக் கொடுத்த ஊர் கடலோரம். சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே, பாலாறு போய்க் கடலில் விழும் இடத்துக்குக் கிட்ட. வீட்டுக்குப் பின்னால் சவுக்குத் தோப்பு, தோப்பைத் தாண்டினால் அலை என்று சொல்லுவாள். எங்கள் ஊர் மானாம்பதிப் பக்கம். ஏரி நிறைந்தால் அதுதான் எங்களுக்குக் கடல். சித்திரை வந்தால் அதுவும் காய்ந்து, பிள்ளைகள் கில்லி ஆடுகிற இடமாகிவிடும்.

அத்தை அப்பாவின் தங்கை. அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அம்மன் திருவிழாவுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. கல்யாணமாகி வருஷங்கள் போயும் பிள்ளை இல்லை, அதை வைத்து அந்த வீட்டில் பேச்சு வளர்ந்திருக்கிறது. “அவளா போனா, அவளா வரட்டும்” என்று அங்கே சொன்னார்களாம். “வந்து கூப்பிட்டா அனுப்புறோம்” என்று இங்கே நைனா சொன்னார். எங்கள் பக்கத்தில் இது சட்டம் மாதிரி. கோபித்துக்கொண்டு வந்த பெண்ணைப் பிறந்த வீட்டாரே கொண்டுபோய் விட்டால், அப்புறம் அவளுக்கு அந்த வீட்டில் மதிப்பில்லை. யாரும் வந்து கூப்பிடாமலே கிடந்தால் பிறந்த ஊரிலும் மதிப்பில்லை. இப்படியே அடுத்த திருவிழாவும் வந்துபோனது. நைனாவுக்குச் சோறு இறங்கவில்லை. தங்கையை அவள் வீட்டில் சேர்க்கவும் வேண்டும், சேர்த்ததாகத் தெரியவும் கூடாது.

இதற்கு வழி கண்டுபிடித்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அவரிடம் வழி இருக்கும் என்று அம்மாவே சொல்லுவாள்.

“கோடையில மாடு சும்மாதானே கட்டிக் கெடக்குது மாமா? வண்டிய கட்டிக்கினு குடும்பத்தோட கடல் பாக்கப் போறோம். கழுக்குன்றம், சதுரங்கப்பட்டணம், அங்கேந்து கடலோரமே வடக்கால மாபலிபுரம். போற வழியில ஒரு வூட்டு வாசல்ல கடையாணி கழண்டுக்குது. வண்டி சாஞ்சிக்குது. அது யார் வூடா இருந்தா இன்னா? கடையாணிக்கு மானம் ரோஷம்லாம் கீதா?” என்று நைனாவைக் கேட்டாராம்.

கடையாணி என்பது சக்கரம் அச்சை விட்டுக் கழன்றுவிடாமல் பிடித்திருக்கும் இரும்பு முளை. அதை உருவிவிட்டால் எந்த வண்டியும் நாலு அடிக்கு மேல் போகாது. நைனா யோசித்து யோசித்து, கடைசியில் தலையை ஆட்டியிருக்கிறார். இதெல்லாம் நான் பெரியவளான பிறகு அம்மா சொல்லித் தெரிந்தது. அப்போது நான் மூன்றாம் வகுப்பு. லீவுக்குக் கடல் பார்க்கப் போகிறோம் என்பது ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

அது புளி அடிக்கிற காலம். சாயங்காலத்தில் அம்மாவும் அத்தையும் முற்றத்தில் உட்கார்ந்து புளியைக் கொட்டை எடுப்பார்கள். மாமா அந்தக் கொட்டைகளையே எடுத்துத் தரையில் ஊர்களாக வைப்பார்.

“இது நம்ப ஊரு. இது செங்கல்பட்டு. இது கழுக்குன்றம். மலைமேல கழுகு வர்றத பாத்துட்டு, கீய எறங்கி நாஷ்டா துன்னுட்டு, இதோ சதுரங்கப்பட்டணம்.” பிறகு இன்னொரு கொட்டையை எடுத்துக் கொஞ்சம் தெற்கே தள்ளி வைப்பார். அதற்குப் பெயர் சொல்ல மாட்டார்.

“மாபலிபுரம் வடக்கால இல்ல கீது? இது எதுக்கு தெக்கால?” என்று அத்தை கேட்பாள்.

“மாடு எளப்பாற வேணாவா? அந்தாண்ட சவுக்குத் தோப்பு கீதாமே. நெழல்ல கட்டலாம்.”

“சவுக்குல இன்னா நெழல்? ஊசிதான் வுழும்.”

“சரி, தண்ணி காட்டலாம்.”

“அங்க கெணத்துத் தண்ணி கரிக்கும். மாடு மோந்துகூட பாக்காது.”

அங்கே குடித்தனம் பண்ணினவள் அவள். அவள் சொன்ன பிறகு மாமா என்ன பேசுவார்? அத்தை அந்தக் கொட்டையை மட்டும் பொறுக்கி, கூடையில் மற்ற கொட்டைகளோடு எறிந்துவிடுவாள். மறுநாள் மாமா வேறு கொட்டையை அதே இடத்தில் வைப்பார். பாலாற்று மணலில் ஊற்று தோண்டினால் நல்ல தண்ணீர் வருமே என்பார். மணல் சக்கரத்தை அச்சு வரைக்கும் முழுங்கும் என்பாள் அவள். இப்படிப் புளி முடிகிறவரைக்கும் நடந்தது. நைனா கொட்டைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் ஒரு நாள் மாமா கட்சி, ஒரு நாள் அத்தை கட்சி. எந்த வழியில் கடல் சீக்கிரம் வருமோ அந்தக் கட்சி.

மாமாவுக்கு எரிச்சல் வந்து ஒரு நாள், “இன்னாமா ஒரு பிடிவாதம்! கடலு இவங்க அப்பன் வூட்டு சொத்து மாதிரி” என்றுவிட்டார். “அப்பன் வூட்டுது இல்லன்னுதானே சொல்றேன்” என்றாள் அத்தை. அம்மா சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் புளிக்கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அந்தக் கடற்கரைப் பக்கத்திலிருந்து கருவாடு கொண்டுவரும் அம்மாள் ஒருத்தி எங்கள் தெருவுக்கு அவ்வப்போது வருவாள். அத்தை அவள் கூடையை இறக்கிவைத்து மெல்லிய குரலில் நெடுநேரம் பேசிக்கொண்டிருப்பாள். ஆனால் கருவாடு வாங்க மாட்டாள். வாங்காத வீட்டில் அவ்வளவு நேரம் எதற்கு உட்காருகிறாள் என்று எனக்கு அந்தக் கருவாட்டுக்காரம்மாள்மேல்தான் ஆச்சரியம்.

கடைசியில் வழியை முடிவு செய்தவர் நைனா. “தெக்கால போய்த்தான் போறோம்” என்றார். அவ்வளவுதான். அத்தை அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். “உங்க இஷ்டம்ணா” என்று எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தாள்.

மாடுகளுக்குப் புது லாடம் அடித்தார்கள். அச்சுக்கு மை போட்டார்கள். தெருவில் தெரியாதவர் இல்லை. ஒருத்தி சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் கேட்டாள், ஒருத்தி தன் பிள்ளையின் சிரங்குக்கு ஒரு புட்டி கடல் தண்ணீர் கேட்டாள். அம்மா புளிச்சோறு கட்டினாள், வேர்க்கடலை வறுத்தாள். நாங்கள் ஏறப்போகும்போது அத்தை வண்டிக்குள் குனிந்து வைக்கோலை விலக்கினாள். அடியில் அவளுடைய தகரப் பெட்டி. கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்தது. அவளுடைய புடவை எல்லாம் அதில் இருந்தது.

“கடல் பாக்கறதுக்குப் பெட்டி எதுக்கு அண்ணி?” என்று அம்மாவைக் கேட்டாள்.

“இருக்கட்டுமே பாப்பா. அலையில புடவை நனைஞ்சா மாத்திக்க வேணாவா?”

“எல்லாப் புடவையுமா நனையும்?”

அம்மா பெட்டிமேல் வைக்கோலைப் பரப்பினாள். அத்தை என்னைத் தூக்கி உள்ளே விட்டுத் தானும் ஏறினாள்.

கழுக்குன்றத்தில் கழுகு வந்ததா வரவில்லையா என்றுகூட எனக்கு இப்போது ஞாபகம் இல்லை. கால்வாய்ப் பாலம் தாண்டின பிறகு மண் வெளுத்துப்போனதும், காற்றில் ஒரு வாடை வந்ததும் ஞாபகம் இருக்கிறது. “அதோ சத்தம் கேக்குதா? அது மழை இல்ல, அலை” என்றாள் அத்தை. கேட்டது. நான் வண்டிக்குள்ளேயே குதித்தேன்.

மாமா அப்போது சக்கரத்தை ஒட்டி நடந்து வந்துகொண்டிருந்தார். ஓட்டு வீடு ஒன்று வந்தது. வாசலில் பூவரச மரம். மாமா குனிந்து நிமிர்ந்தார். கொஞ்சம் சாய்ந்து நிற்கும் என்றுதான் அவர் கணக்குப் போட்டிருந்தார்போல. வண்டி தடாலென்று குடை சாய்ந்தது. அம்மா என்மேல் விழுந்தாள், புளிச்சோறு அம்மாமேல் விழுந்தது. வைக்கோலோடு சறுக்கிக்கொண்டு வெளியே போன தகரப் பெட்டி அந்த வீட்டு வாசற்படிக்கு நேரே போய் நின்றது.

சத்தம் கேட்டு ஓடிவந்தவர் அத்தையின் புருஷன். எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றார். பெட்டியைப் பார்த்தார். பிறகு, “வாங்க மச்சான்” என்றார்.

“கடல் பாக்க வந்தோம் மாப்ள. கடையாணி கழண்டுகிச்சி” என்றார் நைனா. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தை அது.

உடனே அவர் கடையாணியைத் தேட ஆரம்பித்தார். நல்ல மனுஷன்தான், வஞ்சனையில்லாமல் தேடினார். மாமாவும் கூடவே குனிந்து, வந்த தடத்தில் மணலைக் கையால் அளைந்து தேடினார். கடையாணி மாமாவின் மடியில் இருந்தது. குனியும்போதெல்லாம் அது இடுப்பில் குத்தி அவர் முகத்தைச் சுளித்ததை நான் வெயிலுக்கென்று நினைத்தேன்.

உள்ளேயிருந்து சின்ன வயசுப் பெண் ஒருத்தி, கழுத்தில் தாலி மஞ்சளோடு, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அம்மாவிடம் கொடுத்தாள். மரத்தடியில் நின்ற அத்தையிடம் போய், “நீங்களும் குடிங்கக்கா” என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். அத்தை வாங்கிக் குடித்தாள். உள்ளே குழந்தை அழுதது. பெரியவர்கள் யாரும் அசையவில்லை. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். உத்தரத்தில் தூளி கட்டியிருந்தது. ஆட்டினேன், குழந்தை அடங்கிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெளியே வந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “அம்மா, உள்ள தூளியில பாப்பா கீது! நான்தான் ஆட்டித் தூங்க வச்சேன்” என்றேன். யாரும் என்னை மெச்சவில்லை.

வாசலில் உட்கார்ந்திருந்த நைனா தோள் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். அவருக்குக் கோபம் வந்தால் அப்படித்தான் எழுந்திருப்பார். ஆனால் எழுந்தவர் அப்படியே நின்றார். பஞ்சாயத்துக்கு வந்தவராக இருந்தால் கேட்டிருக்கலாம், சட்டையைப் பிடித்திருக்கலாம். அவர்தான் கடல் பார்க்க வந்தவர் ஆயிற்றே. வாசலில் வண்டி உடைந்து நிற்கிறவன் வண்டியைப் பற்றித்தானே பேச முடியும்? அத்தையின் புருஷன் அதற்குள் கருவேலங்கட்டை ஒன்றை எடுத்துச் செதுக்கத் தொடங்கியிருந்தார்.

“இந்தக் கட்டை தாங்குமா?” என்று கேட்டார் நைனா.

“ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் தாங்கும் மச்சான்.”

நைனா மறுபடியும் உட்கார்ந்தார்.

அத்தை மரத்தடியிலிருந்து வந்தாள். வாசற்படிக்கு நேரே கிடந்த பெட்டியைத் தூக்கினாள். மாமா ஓடிவந்து கை கொடுக்கப் போனார், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மண்ணைத் தட்டி, வண்டி ஓரமாக வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

“வாம்மே, கடல் பாக்கலாம்.”

தோப்பு வழியாகப் போனோம். நடுவில் ஒரு கிணறு இருந்தது. தாகமென்றேன். இறைத்துக் கொடுத்தாள். குடித்துவிட்டு, “கரிக்கவே இல்லையே அத்தை!” என்றேன். “இப்ப மாறிடுச்சி போலக் கீது” என்றாள். நான் நம்பினேன். அந்த வீட்டுச் சேதியெல்லாம் கருவாட்டுக்காரம்மாள் சொல்லி அவளுக்கு முன்பே தெரியும். தெற்கே வேண்டாம் என்று கோடை முழுக்க அவள் கொட்டையைப் பொறுக்கி எறிந்தது தனக்காக இல்லை, அண்ணன் வந்து அந்த வாசலில் அப்படி உட்காரக் கூடாதே என்றுதான். இது விளங்க எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறக்க வேண்டியிருந்தது.

பிறகு கடல். எங்கள் ஏரியைப் போல அதற்கு எதிர்க்கரை இல்லை என்பதுதான் முதலில் தோன்றியது. புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு அத்தை என்னை அலையில் நிற்க வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “பாத்தியா? போதுமா?” என்றாள். போதாது என்றேன். “போதலன்னா இன்னும் கொஞ்சம் பாரு” என்று ஈர மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நாங்கள் திரும்பி வந்தபோது மாமா வண்டியை மேற்கே திருப்பி நிறுத்தியிருந்தார். மாபலிபுரம்? என்று கேட்டேன். இன்னொரு வாட்டி என்றார் நைனா. அந்த வீட்டு வாசலில் இப்போது யாரும் இல்லை. அத்தை ஏறி உட்கார்ந்தாள். வண்டி புறப்பட்டது.

நைனா வண்டியில் ஏறாமல் மாடுகளுக்கு முன்னால் நடந்தார். எப்போதும் தொணதொணக்கும் மாமா ஒரு பாட்டுகூடப் பாடவில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்குப் பாவமாக இருந்தது. இவ்வளவு தூரம் வண்டி கட்டிக்கொண்டு வந்து, கடலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, கடையாணியால் இவர்கள் மூன்று பேரும் கடலைப் பார்க்காமலே போகிறார்களே. அந்த வருத்தம் யாருக்குத்தான் இருக்காது?

அதனால் நான் அவர்களுக்குக் கடலைச் சொல்ல ஆரம்பித்தேன். எவ்வளவு அகலம், அலை எப்படி எழும்பி எப்படி உடைகிறது, நுரை எப்படி இருக்கும் என்றெல்லாம், முன்னால் போகும் நைனாவுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல அம்மா இன்னும் அழுதாள். அழாதம்மா, அடுத்த கோடையில உன்னையும் நான் கூட்டிக்கினு போறேன் என்றேன்.

அத்தை என் தலையைக் கோதிவிட்டுக்கொண்டே வந்தாள். நான் எதையாவது விட்டுவிட்டால் எடுத்துக் கொடுத்தாள்.

“அலை திரும்பிப் போவும்போது காலுக்கடியில மண்ணு ஓடுமே, அத சொல்லலியே நீ” என்றாள்.

நான் அதையும் சொன்னேன்.