எண்ணூர்ச் சுவரில் பதித்த உண்டியல்

விருத்தாசலத்தில் ஏறிய ரயில் விடியும் நேரத்துக்கு எழும்பூரில் இறக்கிவிட்டது. அங்கிருந்து கடற்கரை நிலையம். அங்கே கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடித்தால் அடுத்த நிலையம் ராயபுரம். டிக்கெட் ஐந்து ரூபாய். இறங்கியதும் மீன் வாடையும் டீசல் புகையும் சேர்ந்து மூக்கில் ஏறின. வானம் மழையாகவும் பெய்யாமல், வெளுக்கவும் செய்யாமல் அழுக்குத் துணிபோலத் தொங்கியது.

திருவிழாக்களில் பொம்மைக் கடை போடுவது என் தொழில். பிள்ளைகள் காசு சேர்க்கும் உண்டியல்களும் விற்கிறேன். பழைய உண்டியல் எங்கே கிடைத்தாலும் எனக்கென்று ஒன்று எடுத்து வைத்துக்கொள்வேன். ராயபுரத்தில் காயலான் கடை வைத்திருக்கும் சலீம் பாய்க்கு இது தெரியும். முந்தின நாள் போனில் கூப்பிட்டார். எண்ணூர்ப் பக்கம் ஒரு கடலோரக் குப்பத்தில் சாலையை அகலமாக்க ஒரு வரிசை வீடுகளை இடிக்கப் போகிறார்களாம். அதில் ஒரு வீட்டின் கதவு, ஜன்னல்களை அவர் விலை பேசியிருந்தார். அந்த வீட்டில் உண்டியலைச் சுவருக்குள் வைத்துப் பூசியிருக்கிறார்கள், பார்க்க வேண்டுமென்றால் உடனே கிளம்பு என்றார். சுவருக்குள் உண்டியலை நான் கேள்விப்பட்டதுகூட இல்லை.

காலை எட்டு மணிக்கு அவர் கடையில் இருந்தேன்.

"வா நைனா! நாஸ்டா துன்னியா? இல்லன்னு சொல்லக் கூச்சப்பட்டுகினு ஆமான்னு சொல்லுவியே, உன்ன எனுக்குத் தெரியாதா!"

இட்லியும் டீயும் வாங்கிக் கொடுத்தார். நாற்பத்திரண்டு ரூபாய் ஆனது. என்னைக் கொடுக்க விடவில்லை. எனக்காக ஒதுக்கி வைத்திருந்த இரண்டு பழைய உண்டியல் பெட்டிகளை எடுத்துப் போட்டார். ஒன்று தபால்பெட்டி வடிவத்துத் தகரம். இன்னொன்று, கையளவுள்ள கனத்த இரும்புப் பெட்டி.

உண்டியலைப் பற்றி நான் தெரிந்துகொண்ட வரலாறு கொஞ்சம்தான். மண் உண்டியலுக்குச் சாவி கிடையாது; உடைத்தால்தான் காசு. ஈரமாக இருக்கும்போதே கத்தியால் வாய் கீறிச் சுடுவார்கள். அதற்குள் ஈர்க்குச்சியை விட்டுக் காசை நகர்த்தி வெளியே எடுக்கப் பிள்ளைகள் பழகிக்கொண்டார்கள். அப்புறம் சிவப்புத் தகரம் வந்தது, சின்னப் பூட்டோடு. அந்தப் பூட்டு ஹேர்பின்னுக்குத் திறக்கும். பேங்குக்காரர்கள் பிள்ளைகளுக்கு இரும்புப் பெட்டியைக் கொடுத்துவிட்டுச் சாவியைத் தாங்களே வைத்துக்கொண்ட காலமும் உண்டு. பெட்டி நிறைந்தால் அதைத் தூக்கிக்கொண்டு பேங்குக்குப் போய் நிற்க வேண்டும். தடித்த ஐந்து ரூபாய்க் காசு வந்தபோது பழைய உண்டியல்களின் வாய் அதற்குப் போதவில்லை. பிறகு பிளாஸ்டிக் மாம்பழம், அடியில் ஒரு மூடியோடு. இப்போது நம்பர் அழுத்தித் திறக்கும் ஏடிஎம் பொம்மை. பிள்ளைகள் கையில் காசு கொடுக்கிறவர்கள்தான் குறைந்துவிட்டார்கள்.

"பூட்டு, சாவி, நம்பரு," என்று சலீம் பாய் சிரித்தார். "வெளித் திருடன் உண்டியலத் தொடவே மாட்டான் நைனா. அவனுக்குக் கட்டுப்படி ஆவாது."

பத்து மணிக்கு அவருடைய குட்டியானைச் சரக்கு வண்டியில் கிளம்பினோம். காசிமேடு, டோல்கேட், திருவொற்றியூர் வழியாகப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். அதைக் கடக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. டிரைவர்கள் சிலர் லாரிக்கு அடியிலேயே துணி விரித்துப் படுத்திருந்தார்கள். திருவொற்றியூர் தாண்டியதும் வலது பக்கம் கடல். கரை முழுக்கக் கருங்கல் கொட்டியிருந்தது. தூரத்தில் புகைபோக்கிகள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கடலை நீலமாகத்தான் வரைவார்கள். இது சாக்கடைத் தண்ணீர் நிறத்தில் இருந்தது.

இடிக்க வேண்டிய வரிசையில் பாதி வீடுகள் ஏற்கெனவே காலியாகியிருந்தன. ஜன்னல் இல்லாத சுவர்களுக்குள் நாய்கள் படுத்திருந்தன. நாங்கள் போன வீடு ஓர் அறையும் அடுப்படியும்தான். அம்மா தேசம்மாள், மீன் விற்கிறவர். அதற்கு முன் சித்தாள் வேலைக்குப் போனவர். மகள் ரேவதி, பத்தொன்பது வயது, டோல்கேட் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. தேசம்மாளின் வீட்டுக்காரர் சேகர் பின்பக்கம் கடலைப் பார்த்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுகு போனவர் என்று வரும் வழியிலேயே பாய் சொல்லியிருந்தார்.

உண்டியல் பின்சுவரில், என் இடுப்பு உயரத்தில் இருந்தது. தபால்பெட்டித் தகரத்தின் முகம் மட்டும் வெளியே தெரிய, சுற்றிலும் சிமெண்ட் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே கிளிஞ்சல்களை அழுத்தியிருந்தார்கள்.

"நான் தான் அத்த ஒட்னேன், மூணாவது படிக்கும்போது," என்றாள் ரேவதி. "அப்பா ரெண்டு மண் உண்டியல ஒடச்சிப் பூடுச்சு. அம்மா ஒரே நாள்ல செவுத்துக்குள்ள வச்சிப் பூசிடுச்சு."

மூன்றாம் வகுப்பிலிருந்து இன்றுவரை. அந்த அளவுத் தகரம் ஒரு வருடத்தில் நிறைந்துவிடும். என் பார்வையைப் பார்த்து அவளே சொன்னாள்: "ரொம்பாதுண்ணே. தகரத்துக்கு அடி கெடையாது. கீழ வரைக்கும் பொந்து வுட்டுக் கட்டிக்கீது அம்மா."

தேசம்மாள் அடுப்படியில் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

ரேவதியின் போன் அடித்தது. மணலி புதுநகரில் பார்த்து வைத்திருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரர். "இன்னிக்கு சாயங்காலம் கண்டிப்பா குடுத்துடுவேண்ணே. பதினஞ்சாயிரம் தான? கீதுண்ணே, ரெடியா கீது. வேற ஆளுக்கு வுட்றாதீங்க." போனை வைத்துவிட்டு எங்களிடம் சொன்னாள்: "வூட்டுக்குள்ளயே பாத்ரூம் கீதுண்ணே. ஜன்னலத் தொறந்தா வேப்பமரம்."

சாலைக்கு வீடு கொடுத்ததற்கு வரவேண்டிய பணம் இன்னும் கைக்கு வரவில்லையாம். அந்த அட்வான்ஸ் சுவருக்குள்தான் இருந்தது.

"பாய், கடப்பாறையக் குடு."

"மொதல்ல கதவக் கயட்டட்டும்டி," என்றார் தேசம்மாள். "அது எங்க ஓடப் போவுது?"

கதவைக் கழற்றினோம். ஜன்னலையும் கழற்றினோம். ரேவதி மறுபடி கடப்பாறையை எடுத்தாள். "துன்னுட்டு ஒடைக்கலாம்," என்றார் அம்மா. பின்பக்கத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது: "நாளிக்கு மிஷின் வந்து தள்ளும் இல்ல? அப்பால பொறுக்கிக்கலாம். கைய ஒடச்சிக்காத."

"தோ பார்றா, ரெண்டு பேரும் ஒத்துமையா பேசறத இன்னிக்குத் தான் பாக்கறேன்," என்று ரேவதி சிரித்தாள். சிரித்துக்கொண்டே குத்தினாள்.

கிளிஞ்சல்கள் உதிர்ந்தன. நாலு குத்தில் தகரம் ஆடியது. நானும் ஒரு பக்கம் பிடித்து இழுத்தேன். கையோடு வந்துவிட்டது, கனமே இல்லாமல். அதற்கு அடி இருந்தது. திறந்திருந்தது பின்பக்கம்தான். தகரத்தை மூன்று பக்கம் வெட்டி, நான்காவது பக்கம் மடித்துக் கதவுபோல விட்டிருந்தார்கள். மடிப்பு பழையது, துருவேறி, கை பட்டுப் பட்டு வழவழப்பாக இருந்தது. உள்ளே மூன்று பத்து ரூபாய்க் காசுகள்.

ரேவதி குழிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். பொந்து எதுவும் இல்லை. வெளிப்புறச் செங்கலைக் கடப்பாறையால் தள்ளினாள். பூச்சு இல்லாமல் சும்மா சொருகி வைத்த செங்கல். வெளியே போய் விழுந்தது. துவாரம் வழியாகக் கடல் சத்தம் வந்தது. கூடவே, பக்கத்திலேயே சாய்ந்து உட்கார்ந்திருந்த ஒரு கட்டம் போட்ட சட்டையின் தோள் தெரிந்தது. அது திரும்பவில்லை.

"யப்பா," என்றாள். "யப்பா, நீயா?"

பதில் அம்மாவிடமிருந்து வந்தது. "அந்தாள ஒண்ணும் கேக்காதடி. எனுக்குத் தெரியும்."

"இன்னா தெரியும்?"

"வச்ச மறு மாசமே தெரியும். அதுக்கு முன்ன இன்னா பண்ணிகினு இருந்தாரு தெரியுமா? குண்டான் போச்சு, மிக்சி போச்சு, ரேசன் அரிசிய மூட்டையோட தூக்கிகினு போனாரு. இத்த வச்சப்புறம் வேற எதுலயும் கை வெக்கல. அடுப்பு எரிஞ்சுது. நீ பன்னண்டாவது முடிச்ச."

ரேவதி தகரத்தைத் திருப்பிப் பார்த்தாள். "நான் போட்டது? பொங்கக் காசு? கம்பெனில மொத சம்பளத்துல போட்டது? அத்தயும் தெரிஞ்சிகினே பாத்துகினு இருந்தியா?"

"நீயும் போட்டாத்தான் அது நெஜ உண்டியல்னு அந்தாளு நம்பும்," என்றார் தேசம்மாள். சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டே சொன்னார். "இல்லன்னா வேற எடத்தத் தேடும்."

சுவருக்கு வெளியே இருந்து சேகர் கேட்டார்: "அப்ப ஒனக்குத் தெரியுமா தேசம்மா?"

சலீம் பாய் தொண்டையைச் செருமிக்கொண்டு கதவின் ஒரு முனையைத் தூக்கினார். மறுமுனையை நான் பிடித்தேன். அந்த உண்டியலைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அது தரையிலேயே கிடந்தது.

மூன்று மணிக்கு வண்டியில் ஏற்றி முடித்தோம். பாய் பேசியதற்கு மேல் ஐநூறு வைத்து நாலாயிரம் கொடுத்தார். தேசம்மாள் வாங்கி மகளிடம் நீட்டினார். ரேவதி வாங்காமல் தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"பாய், என்ன டோல்கேட்ல எறக்கி வுடு. கூட வேல செய்யற பொண்ணு ரூம் கீது."

"அவங்க எங்க போவாங்கம்மா?" என்றார் பாய்.

"மாத்தூர்ல பெரிம்மா வூடு கீது. ஒரு மூலையில படுத்துக்குவாங்க."

அம்மா தடுக்கவில்லை. வண்டி திரும்பும்போது வீட்டின் பின்பக்கம் தெரிந்தது. சேகர் மண்டியிட்டு, கீழே விழுந்த செங்கலை எடுத்து மறுபடி அந்தத் துவாரத்தில் பொருத்திக்கொண்டிருந்தார். விடிந்தால் இடிக்கப் போகும் சுவர்.

முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். ரேவதி போன் போட்டு, "வூடு வேணாம்ணே, வேற ஆளுக்குக் குடுத்துடுங்க," என்று மட்டும் சொன்னாள். திருவொற்றியூர் வந்ததும் என்னிடம் கேட்டாள்: "உங்களுக்குக் கொயந்தைங்க கீதாண்ணே?"

"ரெண்டு பொண்ணும்மா. கல்யாணம் ஆயிடுச்சு."

"அதுங்களுக்கு உண்டியல் குடுத்தீங்களா?"

"கொடுத்தேன்."

"ஒடச்சப்ப உள்ள காசு இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

தலையை ஆட்டினாள். "எங்கம்மா அத்த எங்கப்பாவுக்குத் தான் வச்சுது. நான் தான் என்துன்னு நெனச்சிகினு இருந்தேன்."

டோல்கேட்டில் இறங்கி, கூட்டத்துக்குள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். பாய் எனக்காக வைத்திருந்த இரண்டு பெட்டிகளையும் நான் வாங்கிக்கொள்ளவில்லை. இன்னொரு தடவை வருகிறேன் என்று சொல்லி ராயபுரத்தில் ரயில் ஏறினேன்.

ஊருக்கு வந்த மறுவாரம் ஒரு தேர்த் திருவிழாவில் கடை போட்டேன். எங்கள் பக்கத்துக் கூட்டத்தில் புகை இல்லை; மாட்டுவண்டிகள்கூட வந்திருந்தன. ஒரு சின்னப் பெண் மண் உண்டியலைக் காதோடு வைத்து ஆட்டிப் பார்த்தாள். அவள் அம்மா, "இத யாராலயும் திறக்க முடியாதுதானே?" என்று கேட்டார். உடைத்தால்தான் காசு என்று அதற்கு வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று என்னிடம் உண்டு. "நாற்பது ரூபாய்" என்று மட்டும் சொன்னேன்.