வேம்பாரில் இருபத்துநாலு டிகிரி

வேம்பார்க் கடல் பனிக்கட்டியாக இறுகிவிட்டது என்று நம்பி, கருப்பட்டிக் கடை காசிலிங்கம் அண்ணாச்சி உச்சி வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு அதைப் பார்க்க பஸ் ஏறினார் என்று தூத்துக்குடி முழுக்கப் பேச்சு. மீன் சந்தையில் அந்தக் கம்பளி சிவப்பு, பஜாரில் பச்சை. கடல் மேல் நாலடி நடந்தே பார்த்தாராம் என்று சேர்த்துக்கொண்டவர்களும் உண்டு. பாவம், அவர்களுக்கும் பொழுது போகவேண்டுமே. ஆனால் நடந்தது வேறு. கூட்டாமல் குறைக்காமல் சொன்னாலே அது இதைவிட ருசி.

அண்ணாச்சிக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. வெற்றிலை கிடையாது, சீட்டு கிடையாது. இருந்த ஒரே கிறுக்கு குளிர். சாத்தான்குளம் பக்கம் பனங்காட்டில் பிறந்தவர். பதினாலு வயதில் கடைவேலைக்குத் தூத்துக்குடி வந்து, மார்கழியிலும் வேர்க்கிற ஊரா இது என்று வியந்தார். தலை நரைத்தும் அந்த வியப்பு தீரவில்லை. இரண்டாம் உலகச் சண்டை முடிந்த வருஷம் மிலிட்டரிச் சாமான்களை ஏலம் போட்டபோது, ஊரே தகரமும் டயரும் எடுக்க, இவர் ஒரு தெர்மாமீட்டர் எடுத்து வந்தார். கருப்பட்டி எப்போது கசியும் என்று அதில் தெரிந்துவிடும் என்று வீட்டில் காரணம் சொன்னார். கசிந்தால் கையில் ஒட்டுமே, அதற்கு ஒரு குழாயா என்று கேட்டுவிட்டு, அவர் மனைவி சீனித்தாய் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கிறுக்குக்குத் துணை கிடைக்காமல் போகாது. மிஷன் பள்ளிக்கூடத்து ஜேசுபாதம் வாத்தியார் தினமும் பள்ளிக்குப் போகும் வழியில் கடையில் நின்று குழாயைப் பார்ப்பார். நாசரேத்திலிருந்து அவர் தம்பி அங்கத்துக் குளிரை அளந்து கார்டு போடுவான். எட்டயபுரத்தில் பஞ்சு மில் கிளார்க்காக இருந்த அண்ணாச்சியின் மச்சினன் முத்துக்கனியும் போடுவான். அந்த மார்கழி முதல் வாரத்தில் விடியற்காலைக் கணக்கு, பாரன்ஹீட்டில், தூத்துக்குடி எழுபத்துநாலு, நாசரேத் எழுபத்தொன்று, எட்டயபுரம் அறுபத்தாறு. கரிசல் மண் பகல் சூட்டை ராத்திரியே விட்டுவிடும், கடல் விடாது என்று வாத்தியார் விளக்குவார். எட்டயபுரம் ஜெயித்துவிட்டதே என்று அண்ணாச்சிக்கு உள்ளூர ஒரு வருத்தம்.

வேம்பார் இதில் சேர்ந்தது பேரனால். மகள் சண்முகவடிவு தலைப்பிள்ளையைப் பெற்று, மூன்றாம் மாசம் புருஷன் வீட்டுக்கு வேம்பார் போயிருந்தாள். மாப்பிள்ளை செந்தூர்பாண்டி அங்கே உப்பளத்தில் கணக்கப்பிள்ளை. எங்க அளத்தில் டிகிரி பார்க்கக் கண்ணாடிக் குழாய் உண்டு என்று கல்யாணத்தன்றே அவர் சொன்னது அண்ணாச்சிக்கு ஞாபகம் இருந்தது. உடனே ஒரு கார்டு போட்டார்: "காலையில் அங்கே டிகிரி என்னவென்று பார்த்து எழுதவும்."

நாலாம் நாள் பதில் வந்தது. "மாமா அவர்களுக்கு நமஸ்காரம். இன்று டிகிரி 24. இரண்டு நாளில் இறுகிவிடும். எல்லோருக்கும் சந்தோஷம்."

வாத்தியார் அதை இரண்டு தரம் படித்தார்.

"முப்பத்திரெண்டுலயே தண்ணி கல்லாயிருமே அண்ணாச்சி. கை தவறி எழுதியிருப்பாவளோ?"

"கணக்கப்பிள்ளை கை தவறுமா வாத்தியாரே? அங்கன மூணு மாசப் பிள்ளை கெடக்கு."

சாவு வீட்டுக்குத் தவிர எதற்கும் மூடாத கடையை அண்ணாச்சி மூடினார். வாத்தியார் தயங்கித் தயங்கிக் கடலைப் பற்றி ஏதோ சொல்ல வந்ததைக் காதில் வாங்கவில்லை. ஏலக்கடையில் வாங்கிய இரண்டு மிலிட்டரிக் கம்பளி, கடை ஆணியிலிருந்து எடுத்த தெர்மாமீட்டர், இவ்வளவோடு கரி வாயுவில் ஓடுகிற பஸ்ஸில் ஏறினார். பஸ்ஸில் கம்பளியை மடியில் வைக்கக்கூட இடமில்லை. தோளில் போட்டுக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் தோணிக்கார ரோச். கம்பளி எதற்கு என்று அவர் கேட்க, வேம்பாரில் தண்ணீர் கல்லாகிறது என்று இவர் சொல்ல, கடல் உறைந்த கதைக்கு அங்கேயே பேர் வைத்தாகிவிட்டது.

பஸ் வடக்கே போகப்போக, குளிர் இப்போது வரும், இப்போது வரும் என்று அண்ணாச்சி காத்திருந்தார். வேர்வைதான் வந்தது. வேம்பாரில் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போய்ப் பார்த்தால், பேரன் பாயில் அம்மணமாகக் கால் உதைத்துக்கொண்டிருக்கிறான். கழுத்தெல்லாம் வேர்க்குரு. சண்முகவடிவு ஓலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தாள்.

"யப்பா, என்ன இது, கம்பளி விக்க வந்தியளா?"

அண்ணாச்சி குனிந்து பிள்ளையின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்தார்.

சேதி கேட்டு மாப்பிள்ளை ஓடி வந்தார். காலில் உப்பு வெள்ளை பூத்திருந்தது. வந்ததும் வராததுமாக மாமனாரை அளத்துக்குக் கூட்டிப் போனார். அந்த வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டதால் மார்கழியிலும் பாத்தியில் உப்பு எடுப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தகர டப்பாவில் பாத்தித் தண்ணீரை மொண்டு, அடியில் ஈயக்குண்டு வைத்த கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டார். தண்ணீரில் உப்பு ஏற ஏற அந்தக் குழாய் மேலே எழும்பும். எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் உப்பளத்தில் டிகிரி.

"இருபத்தஞ்சு, மாமா. இறுகிட்டு." பாத்தியில் புது உப்பு மினுங்கியது. "கட்டிக் குடுத்து ரெண்டு வருசத்துல எங்க வேலையைப் பத்தி நீங்க கேட்டது இதுதான் மொதத் தடவை. கார்டை அளத்துல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினேன்."

அண்ணாச்சிக்கு எல்லாம் விளங்கியது. மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். அதில் இருந்த சந்தோஷத்தைக் கலைக்க மனம் வரவில்லை.

"இதைப் பாக்கத்தான மாப்ள வந்தேன்," என்றார்.

மூன்று நாள் தங்கினார். விடிகாலையில் தெர்மாமீட்டரைப் பூவரசில் தொங்கவிட்டுப் பார்த்தார். எழுபத்திரண்டு. தூத்துக்குடிக்கு இரண்டு குறைவு என்று வாத்தியாருக்கு அன்றே கார்டு போட்டார். ஒரு கம்பளி பேரனுக்கு மெத்தையாயிற்று. இன்னொன்றின் மேல் சம்பந்தி வீட்டார் மிளகாய் காயப்போட்டார்கள்.

திரும்பி வந்து கடை திறந்த அன்றைக்கே ரோச் வந்து நின்றார். அரைக் கருப்பட்டிக்கு நாலு பேரைக் கூட்டி வந்திருந்தார்.

"அண்ணாச்சி, ஒத்தக் கம்பளியப் போத்திக்கிட்டுக் கடல் ஒறைஞ்சதப் பாக்கப் போனியளே, நெசமாவே ஒறைஞ்சிருந்துச்சா?"

அண்ணாச்சி கருப்பட்டியைத் தராசில் வைத்தார். முள் நேராக நின்றது.

"கடலை எவம்லே பாக்கப் போவான்? பேரனைப் பாக்கப் போனேன். கம்பளியும் ஒண்ணு இல்ல, ரெண்டு."