காதில் பஞ்சு, காலில் வீக்கம்

சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் மாடிப் போர்ஷனில் குடியிருந்த சூடாமணிக்கு, யார் எது சொன்னாலும் "சரி" என்றுதான் வாயில் வரும். கல்யாணப் புடவையைக்கூட கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொன்ன நிறத்தில்தான் எடுத்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பதில், லண்டனில் வேலையாயிருந்த கணவன் ராமானுஜம் திடீரென்று அவளுக்கு விமான டிக்கெட் எடுத்துவிட்டபோது, அந்த "சரி" அவளைப் பாடாய்ப் படுத்தியது.

அக்காள் கணவர் கோதண்டபாணி முதல் ஆளாக வந்தார். மீனம்பாக்கத்தில் வேலிக்கு வெளியே நின்று விமானம் பார்த்த அனுபவம் அவருக்கு உண்டு.

"காது அடைச்சுக்கும், சூடா. ஏறினதுமே பஞ்சு வெச்சுண்டுடு, எறங்கறவரைக்கும் எடுக்காதே. வயித்தைக் காயப் போட்டுடு. எழுந்து நடந்தா விமானம் ஆடும். ஒக்காந்த எடத்தைவிட்டு அசையப்படாது, தெரிஞ்சுதா?"

"சரி, அத்திம்பேர்."

மறுநாள் டிக்கெட் கொடுத்த குமாஸ்தா, வெறும் வயிறாக இருந்தால்தான் குமட்டும், நன்றாகச் சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள் என்றார். அவருக்கும் "சரி" சொன்னாள்.

ராயப்பேட்டையிலிருந்து வந்து ரவிக்கை தைத்துக் கொடுக்கும் நஸ்ருன்னிசா, இலவம்பஞ்சு அடைத்துப் பிறைபோல ஒன்றைத் தைத்துக்கொண்டு வந்தாள்.

"குந்திக்கினே தூங்கணும்னு சொன்னியேம்மா. இத்த கழுத்துல மாட்டிக்கோ, தலை சாயாது."

பட்டினியா, சாப்பாடா என்பது கிளம்புகிற நாள்வரை தீரவில்லை. பாதி வயிறு சாப்பிட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று டிபன் காரியரில் புளியோதரையும் எடுத்துக்கொண்டாள்.

பம்பாயில் பெரிய விமானத்துக்கு மாறினாள். காதில் பஞ்சு, கழுத்தில் பிறை. விமானப் பணிப்பெண் குனிந்து ஏதோ கேட்டாள். உதடு அசைந்ததுதான் தெரிந்தது. சூடாமணி தலையாட்டினாள். ஒரு கம்பளி வந்தது. மறுபடி கேட்டாள், இவள் தலையாட்டினாள். இன்னொரு கம்பளி. மூன்றாவது தடவை தலையாட்டியதும் அந்தப் பெண் டிபன் காரியரைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். பத்திரப்படுத்தவா, வீசி எறியவா? கேட்கவும் வெட்கம், கேட்காமலிருக்கவும் முடியவில்லை. இரண்டு கம்பளிக்கடியில் வியர்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கெய்ரோவைத் தாண்டிய பிறகுதான் குழப்பம் முற்றியது. கைக்கடிகாரத்தில் விளக்கேற்றும் நேரம் கடந்துவிட்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே வெயில் கண்ணைப் பறித்தது. இப்போது தூங்க வேண்டுமா, பலகாரம் சாப்பிட வேண்டுமா? கடிகாரம் நின்றுவிட்டதோ என்று காதில் வைத்துப் பார்த்தாள். சத்தமே இல்லை. நின்றுதான் போய்விட்டது என்று கலங்கியவளுக்குச் சற்றுப் பொறுத்துத்தான் பஞ்சு ஞாபகம் வந்தது. பிடுங்கினாள். கடிகாரம் டிக்டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சின் இரைச்சலும் சேர்ந்து திபுதிபுவென்று உள்ளே புகுந்தது.

அப்போதுதான் பணிப்பெண் அவள் காலைக் கவனித்தாள். பாதம் இரண்டும் வீங்கி, விரல்களில் மெட்டி பதிந்து கிடந்தது. "வாக், மேடம், வாக்" என்று கையைப் பிடித்து எழுப்பினாள். பள்ளிக்கூடத்தில் நாலாம் பாரம்வரை படித்தவளுக்கு அது புரிந்தது. "சரி" என்று எழுந்து இரண்டடி வைத்தாள். விமானம் தூக்கிப் போட்டது.

"ஐயோ, என்னாலதான்!" என்று தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

பணிப்பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சற்றைக்கெல்லாம் முன்னாலிருந்து ஆஜானுபாகுவான விமானி ஒருவர் வந்து கடைசிவரை நடந்து போனார். விமானம் ஆடவில்லை. தன்னைவிட மூன்று மடங்கு கனமாவது இருப்பார் என்று நினைத்துக்கொண்டு சூடாமணி மெல்ல எழுந்தாள். ஒவ்வொரு ஆசனத்தின் முதுகாகப் பிடித்துக்கொண்டு நடந்தாள். திரும்பினாள். மறுபடி நடந்தாள். கால் லேசானது. பின்கோடியில் அவளுடைய டிபன் காரியர் சூடு செய்யப்பட்டுக் காத்திருந்தது. அங்கேயே நின்று அவளும் பணிப்பெண்ணுமாகச் சாப்பிட்டார்கள். அந்தப் பெண்ணுக்குக் காரத்தில் கண்ணில் நீர் வந்தது. இன்னொரு கை வேண்டும் என்றாள்.

லண்டனில் இறங்கியபோது ராமானுஜம் ஓடிவந்தான்.

"சௌகரியமா வந்தியா?"

"தெரியலையேன்னா."

"தெரியலைன்னா என்ன அர்த்தம்?"

"கால் வலிச்சுது, அப்புறம் வலிக்கலை. குமட்டலை, சாப்பிட்டதாலயா, சாப்பிடாததாலயான்னு தெரியலை. தூங்கினேனான்னுகூடச் சொல்லத் தெரியலை." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

கப்பலில் வந்தவன் அவன். விமானப் பயணம் அவனுக்கும் தெரியாத சமாசாரம். பெட்டியை வாங்கிக்கொண்டு பக்கத்திலேயே நடந்தான்.

வீட்டில் கண் விழித்தபோது ஜன்னலில் சாம்பல் நிற வெளிச்சம். விடிகிறதா, இருட்டுகிறதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"எழுந்திரு, காப்பி ரெடி" என்றான் ராமானுஜம்.

"இல்லை, நான் இன்னும் கொஞ்சம் தூங்கறேன்" என்று திரும்பிப் படுத்தாள். "சரி" என்ற பதிலையே கேட்டுப் பழகியவன், காப்பியோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.