பிஷப் சொன்னார்

அழைப்பிதழில் 'மேதகு ஆயர்' என்று அச்சடிப்பார்கள். வயதானவர்கள் மோதிரத்தை முத்தமிட்டு 'ஆண்டவரே' என்பார்கள். மற்றவர்களுக்கெல்லாம் அவர் பிஷப். பத்தொன்பது வருஷமாக அவருக்குக் கார் ஓட்டுகிறவரை ஊரே 'சின்ன பிஷப்' என்று கூப்பிட்டது. கேலிதான். ஆனால் டிரைவருக்கு அது உள்ளூர இனித்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

கார் ஓட்டுவது பாதி வேலைதான். பிஷப்பின் உயரமான தொப்பி நசுங்காமல் அதன் பெட்டியை முன் சீட்டில் வைத்து பெல்ட் மாட்ட வேண்டும். மூன்று துண்டாகக் கழற்றி வைத்திருக்கும் செங்கோலை, கோயில் வாசலில் இறங்கியதும் திருகிப் பூட்டிக் கையில் கொடுக்க வேண்டும். ஒருமுறை நடுத்துண்டு வீட்டிலேயே தங்கிவிட, பிஷப் இடுப்பளவு செங்கோலோடு பவனி போனார். மனுஷர் ஒரு வார்த்தை திட்டவில்லை.

இத்தனை வருஷத்தில் அந்தப் பதவிப் பெயருக்கு எவ்வளவு செல்வாக்கு என்பது டிரைவருக்குப் பிடிபட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் "பிஷப் வீட்டுலேர்ந்து வர்றேன்" என்றால் வரிசை விலகும். சாலையை மறித்து நிற்கும் போலீஸ்காரரிடம் "பிஷப் அவசரமாப் போகணும்" என்பார். பின் சீட்டில் காய்கறி மூட்டைதான் இருக்கும். இதனால் யார் குடி முழுகிவிடப் போகிறது என்று இருந்துவிட்டார்.

போன வருஷம் தங்கை வந்து அழுதாள். மகளுக்கு, பிஷப்பின் பொறுப்பில் இருக்கும் மறைமாவட்டத்து நர்சிங் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை, மார்க் போதவில்லை.

"அண்ணே, உங்களால ஆகாததா?"

அந்த ஒரு கேள்வியில் டிரைவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பிஷப் மதியம் கண்ணயர்ந்த நேரமாகப் பார்த்து அலுவலகப் போனை எடுத்தார். "பிஷப் இல்லத்துலேர்ந்து பேசறேன். இந்தப் பொண்ணைக் கொஞ்சம் பார்த்துக்கச் சொன்னார் பிஷப்" என்றார். குரல் நடுங்கக்கூட இல்லை. மறுவாரமே இடம் கிடைத்தது.

பிஷப் வீட்டுச் சமையல்கார அம்மாவின் மகளும் அதே பள்ளிக்குத்தான் எழுதிப் போட்டிருந்தாள். கிடைக்காமல் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். "எதுக்கும் ஒரு கொடுப்பினை வேணும்மா" என்று, அந்த அம்மா போட்ட டீயைக் குடித்துக்கொண்டே ஆறுதல் சொன்னவர் நம் டிரைவர்தான். அப்போது அவருக்கு விஷயம் தெரியாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை நர்சிங் பள்ளியில் விழா. பூசை முடிந்து டிரைவர் செங்கோலைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, இரண்டடி தள்ளி நின்று பள்ளித் தலைவியான கன்னியாஸ்திரீ பிஷப்பிடம் பேசியது காதில் விழுந்தது.

"ஆண்டவரே, நீங்க சொல்லி விட்ட பொண்ணு தட்டுத் தடுமாறிப் படிக்குது. இருந்தது ஒரே இடம். அடுத்த ஆளா நின்னது உங்க சமையல்கார அம்மா பொண்ணு, நல்ல மார்க். நீங்களே வேற பொண்ணைச் சொல்றீங்கன்னா ஏதோ காரணம் இருக்கும்னு கொடுத்துட்டோம்."

பிஷப் ஒன்றும் புரியாமல் சுற்றிப் பார்த்தார். டிரைவரின் முகத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருந்தது.

"ஆமா, காரணம் இருந்துச்சு" என்றார் பிஷப்.

திரும்பும்போது டிரைவர் பின்பக்கக் கண்ணாடியை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பாதி வழி போனபின் பின் சீட்டிலிருந்து குரல் வந்தது.

"யாரு அந்தப் பொண்ணு?"

"என் தங்கச்சி மக, ஆண்டவரே."

"அத்தனை பேர் முன்னாடி உன்னைக் காட்டிக் கொடுக்க மனசு வரல. பூசை வச்ச வாயாலேயே பொய் சொல்லிட்டேன்."

நாலு அறை விட்டிருந்தால் டிரைவர் தாங்கியிருப்பார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் வெட்கமாக இருந்தது. தன் ஜம்பத்துக்காக ஒரு பெண்ணின் படிப்பைக் கெடுத்தது போதாதென்று, இந்த நல்ல மனுஷரையும் பொய்யராக்கியாயிற்று.

"அந்த அம்மாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

சமையலறையில் அந்த அம்மா வழக்கம்போல் டீயை நீட்டினார். இவர் வாய் திறப்பதற்குள், "எம் பொண்ணு இந்த வருஷமும் நர்சிங்குக்கு எழுதிப் போட்டிருக்காண்ணே. பிஷப் காதுல மட்டும் போட்டுடாதீங்க. சிபாரிசுல வந்தவன்னு நாளைக்கு ஒருத்தரும் அவளைச் சொல்லக் கூடாது" என்றார்.

டிரைவர் டீயைக் கீழே வைத்தார். கூனிக் குறுகி, தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மா அழவும் இல்லை, கத்தவும் இல்லை. அடுப்பை அணைத்தார்.

"என்கிட்ட ஏண்ணே சொல்றீங்க? பின்னாடி கடை யூனிஃபார்மைத் துவைச்சுட்டிருக்கா. அவகிட்ட போய்ச் சொல்லுங்க."

கொல்லைக் கதவைத் தாண்டப் பத்தடிகூட இல்லை. டிரைவர் தாண்டிப் போனார். அவரைக் கண்டதும் அந்தப் பெண் ஈரக் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். "வாங்க மாமா, உட்காருங்க" என்று தன் முக்காலியைத் துடைத்துப் போட்டாள்.

அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்: "உன் இடத்தைப் பறிச்சது நான்தாம்மா."