கவ்வாத்துக் கத்தியும் ஒரு குடும்பப் படமும்

எங்கள் தோட்டத்து முன்பள்ளியில் ஆசிரியையாக இருப்பதாலோ என்னவோ, சுவரில் எது ஒட்டியிருந்தாலும் நின்று வாசித்துவிடுவேன். ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒட்டும் சினிமா போஸ்டர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுப்பேன். மகளுக்கு ஐந்து வயது. அவளை முதன்முதலாகத் தியேட்டருக்குக் கூட்டிப்போகும் படம் நல்ல படமாக அமைய வேண்டும் என்று பல மாதங்களாக ஒவ்வொரு போஸ்டராகக் கழித்துக்கொண்டே வந்தேன்.

கதாநாயகன் தாடியோடு தனியாக நின்று முறைத்தால் சண்டைப் படம். நெற்றி நிறையக் குங்குமம் வைத்த அம்மா இருந்தால் அழ வேண்டியிருக்கும், ஆனால் பயமில்லை. மூலையிலிருந்து யாராவது முழியைப் பிதுக்கி எட்டிப் பார்த்தால் சிரிப்பு நிச்சயம். கல்யாண வீட்டு போட்டோ மாதிரி பத்துப் பேர் நெருக்கி நின்று, முன்னால் ஒரு பிள்ளையும் இருந்தால் யோசிக்காமல் போகலாம். போஸ்டர் போடுகிறவர்களும் இதை அறிவார்கள். அந்தப் பிள்ளையைக் கீழ்வரிசையில், நம் பிள்ளையின் கண்ணுக்கு நேராகத்தான் நிறுத்துவார்கள்.

அப்படி ஒரு போஸ்டர் கடைசியில் வந்தது. வெள்ளை வேட்டிப் பெரியவர், மாலையோடு கல்யாணப் பெண், பல் விழுந்த சிறுமி, எல்லோரும் இருந்தார்கள். நடுவில், மடித்துக் கட்டிய சாரத்தோடு கதாநாயகன். தோளில் வளைந்த கத்தி. பின்னால் பச்சை மலை.

என் கணவரின் அக்கா, பக்கத்து லயத்து வரிசை வீட்டில் இருக்கும் மதினி, அன்று எங்களோடு டவுனுக்கு வந்திருந்தார்.

“நம்மாளு மாதிரியே இருக்கான் பாரு டீச்சரு. கவ்வாத்து கத்திய எப்படி தோள்ல வச்சிருக்கான்!”

என் கணவர் கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியை இடுப்பளவுக்குக் கீழே வெட்டி மட்டமாக்கும் வேலை. அவர் போஸ்டருக்குப் பக்கத்தில் போய்க் கத்தியை மட்டும் உற்றுப் பார்த்தார்.

“வளைவு ஜாஸ்திக்கா. இத வச்சி செடி வாது வெட்டுனா மணிக்கட்டு போயிரும்.”

“ஒன்னயவா நடிக்கக் கூப்புட்டாங்க?”

மகள் போஸ்டரைத் தொட்டு, “அப்பா கத்தி,” என்றாள். தோட்டத்துக் கதை, தொழிலாளியின் குடும்பம் என்று நானும் முடிவு செய்துவிட்டேன். படித்தவள் நான். கத்தியைப் பார்த்ததும் ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டாமா? ஆனால் எங்கள் வீட்டில் கத்தி என்றால் தேயிலைதான் நினைவுக்கு வரும்.

ஞாயிறு பகல் காட்சிக்கு நால்வரும் போனோம். போஸ்டர் பொய் சொல்லவில்லை. அதில் இருந்த எல்லோரும் படத்திலும் இருந்தார்கள். இடைவேளைக்குள் பாதிப்பேரை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். வேட்டிப் பெரியவர் விழுந்தபோது கதாநாயகன் அதே கத்தியை எடுத்தான். அதற்குப் பிறகு திரை முழுக்க இரத்தம்.

“கண்ண மூடுடி பாப்பா!” என்று மதினி மகளின் முகத்தைப் பொத்தினார்.

மகள் அழவில்லை. மதினியின் விரல் இடுக்கால், தன் மடியில் இருந்த அப்பாவின் கையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தன் காலை அதன் கீழிருந்து இழுத்துக்கொண்டாள். தினமும் மலையிலிருந்து அப்பா வரும் வழிக்கு ஓடி, அந்தக் கத்தியோடு இருக்கிற ஆளைக் கட்டிக்கொள்கிற பிள்ளை இது. அந்த ஓட்டத்தை நானே நிறுத்திவிட்டேனா?

“ஏங்க, போயிருவோம்.”

“இருங்கடி, இடைவேளைக்குப் பொறவு குடும்பம் வரும்,” என்றார் மதினி.

“இனி எந்தக் குடும்பம் மதினி? யாரு மிச்சம்?”

பாதியில் எழுந்து வந்துவிட்டோம். பஸ்ஸில் மகள் என் மடியை விட்டு இறங்கவில்லை.

மறுநாள் பின்னேரம் அவர் மலையிலிருந்து வந்தபோது அவள் ஓடவில்லை. என் சேலையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். நான் சொல்லிக்கொடுக்க எதையெதையோ யோசித்து வைத்திருந்தேன்.

அதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. கிட்டே வராமல், நாலடி தள்ளிக் குந்தி, கத்தியைக் கீழே வைத்தார்.

“அப்பா, யார வெட்டுனீங்க?” என்றாள்.

“செடிய.”

“வேற?”

“செடிய மட்டுந்தாண்டா. பார், கறைய. மோந்து பாக்குறியா?”

அவள் தயங்கித் தயங்கிப் போனாள். கத்தியைத் தொடவில்லை. கறுத்திருந்த அவருடைய விரலை மோந்தாள்.

“தேயில.”

“ஆமா.”

“நாளைக்கும் செடியதான் வெட்டுவீங்களா? சத்தியம் பண்ணுங்க.”

அவர் கையைக் காற்சட்டையில் இரண்டு தடவை துடைத்துவிட்டு, அவள் தலையில் வைத்தார். “சத்தியமா.”

தண்ணீர்க் குழாயடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மதினி, “தோட்டத்து தொரைக்கு முன்னால கூட இவன் இம்புட்டு பணிவா குந்துனதில்ல!” என்றார்.

மகள் முதலில் சிரித்தாள். பிறகு அவர் முதுகில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கத்தியை அவர் எடுக்கவில்லை. நான்தான் எடுத்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் உள்ளே போனேன்.