பதினாறில் முறிந்த திருகாணி

பல்லுக்குக் கம்பி போட்டுக்கொள்கிறவர்களின் தாடை எலும்பில் பதிக்கிற குட்டித் திருகாணிகளைச் செய்யும் கம்பெனி, தென்கொரியாவின் தேகு நகரத்துத் தொழிற்பேட்டையில் இருந்தது. கம்பி பல்லை இழுக்கும்போது அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்பது அந்தத் திருகாணிதான். ஒவ்வொரு தொகுப்பிலும் பத்தை எடுத்து, முறிகிறவரை முறுக்கிப் பார்ப்பது பியோ மல்சுன்னின் வேலை. பதினோரு வருஷமாகப் பார்க்கிறாள். "ஒடைக்கிறதுக்குச் சம்பளம் வாங்குற ஒரே பொம்பள நீதான்" என்று புருஷன் கேலி பண்ணுவான்.

அந்த வசந்தத்தில் ஒரு தொகுப்பு கெட்டிருந்தது. திருகாணி முறிவதற்குள், முறுக்கும் விசையைக் காட்டும் அளவியில் முள் இருபதைத் தாண்ட வேண்டும். பத்தில் நாலு பதினாறிலேயே முறிந்தன. சோதனை முடிவை எழுதிய தாளை மேலாளர் க்வாக்கிடம் கொண்டுபோனாள். வயதில் சின்னவன், மரியாதை தெரிந்தவன். வெள்ளிக்கிழமை சரக்கு போயாக வேண்டும் என்றான்.

"வேற எடுத்துப் பாருங்கக்கா. தேறுற பத்த எழுதிக் குடுங்க."

வேறு பத்தில் மூன்று போயின. இன்னொரு பத்து எடுத்தாள். தேறியவற்றை மட்டும் பொறுக்கி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவன் மிரட்டவில்லை, கெஞ்சவுமில்லை. சொன்னான், செய்தாள்.

கோடையில் புகார் வந்தது. ஒரு பள்ளிக்கூடப் பெண்ணுக்குப் பதிக்கும்போதே திருகாணி முறிந்து, நுனி பல்வேரை ஒட்டி எலும்புக்குள் மாட்டிக்கொண்டதாம். அந்தப் பெண்ணின் எலும்பு வழக்கத்தைவிடக் கடினம் என்று கம்பெனி பதில் எழுதியது. ஆதாரமாக மல்சுன்னின் தாளை இணைத்தது.

ஒரு வாரம் கழித்து, மதிய இடைவேளையில், வண்டி நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு புகார் அனுப்பிய பல் டாக்டர் நம்குங்குக்குப் போன் போட்டாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"எலும்புதான் காரணம்னு அந்தப் பொண்ணோட அம்மாகிட்ட நானே சொல்லிட்டேம்மா. அவங்களும் ஒத்துக்கிட்டாங்க. இதே திருகாணி இன்னும் நாப்பது பேரு வாயில இருக்கு. இப்ப போய் என்னத்தச் சொல்லச் சொல்றீங்க?"

"அந்த நாப்பது பேருக்கும் தெரிய வேணாமா டாக்டர்?"

"கையெழுத்துப் போடும்போது இத யோசிச்சிருக்கணும் நீங்க."

டாக்டர் இணைப்பைத் துண்டித்தார்.

மறுநாள் க்வாக் கூப்பிட்டான். டாக்டரே தகவல் சொல்லியிருந்தார். திட்டுவான் என்று நினைத்துப் போனவளுக்குக் காபி வாங்கிக் கொடுத்தான். கண்ணுக்கு ஓய்வாக இருக்கும் என்று சொல்லி, பொட்டலம் கட்டும் பிரிவுக்கு மாற்றினான். சோதனை மேசைக்கு வேறொருத்தி வந்தாள். எந்தப் பத்தை எழுத வேண்டும் என்று அவளுக்கு முதல் நாளே சொல்லிவைத்திருந்தார்கள்.

"வேல போகலல்ல, அத நெனச்சுச் சந்தோஷப்படு" என்றான் புருஷன்.

வேலை போகவில்லை. தினமும் எட்டு மணிக்குப் போய், திருகாணிகளைப் பையில் போட்டு ஒட்டுகிறாள். அந்தப் பள்ளிக்கூடப் பெண்ணின் பெயர் அவளுக்குத் தெரியாது. புகார்த் தாளில் வயதும், திருகாணி முறிந்த பல் வரிசையும் மட்டும்தான் இருந்தன.