வில்சன் அண்ணன் விசில்

கதை விடுகிறாள் என்பவர்கள் கொருக்குப்பேட்டைக்கு வந்து என் வீட்டுக்காரர் அறிவின் தோளைப் பாருங்கள். வெட்டுத் தழும்பு இன்னும் மறையவில்லை. அந்தச் சாயங்காலம் நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

எங்கள் மாடி வீட்டு வில்சன் அண்ணன் புறா வளர்த்தார். ராக்கெட் என்று ஒரு கறுப்பு நாயும் வைத்திருந்தார். பொழுது சாயும்போது மொட்டை மாடியில் நின்று, இரண்டு விரலை வாயில் வைத்து நீளமாக ஒரு விசில் அடிப்பார். புறாக்கள் கூண்டுக்கு இறங்கும். நாயும் அவர் காலடிக்கு வந்துவிடும். குட்டையாக இரண்டு விசில் அடித்தால் பாய்ந்து கடிக்கும். வேறு யார் கூப்பிட்டாலும் மதிக்காது.

தெருமுனையில் கஞ்சா விற்ற இரண்டு பேரை அவர் தட்டிக் கேட்டார். அவன்கள் எங்கள் வாசலிலேயே அவர் மேல் நாட்டு வெடிகுண்டை வீசினார்கள். விழுந்தவரைக் கண்டதுண்டமாக வெட்டினார்கள். நாய் அவர் மேலேயே படுத்துக் கிடந்தது. அதன் தலையெல்லாம் ரத்தம். அவருடைய ரத்தம் என்றுதான் நினைத்தோம்.

வெட்டியவன்களின் முகத்தைப் பார்த்தவர் அறிவு மட்டும்தான். புறாக்களை நெட்டுக்குப்பத்துக்காரர் ஒருவர் கொண்டுபோனார். நாயை நாங்கள் வைத்துக்கொண்டோம். பாழாய்ப்போன நாய் எங்களோடு ஒட்டவே இல்லை. தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பாது.

"இன்னா தொர, விசில் அட்ச்சாதான் எய்ந்திரிப்பியா?" என்று தினமும் திட்டுவேன்.

அவன்கள் ஜாமீனில் வெளியே வந்தார்கள். அறிவு கோர்ட்டில் சாட்சி சொல்ல நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஆறே முக்காலுக்கு கரண்ட் போனது. கூட்ஸ் வண்டி ஒன்று கடந்து ஓய்ந்தது. அப்புறம் மொட்டை மாடியில் ஒரு சத்தம். படபட... படபட... இறக்கை அடிக்கிற சத்தம்.

"யோவ், மேல யார்னா கீறாங்களா?"

"எவனும் இல்ல. சும்மா கெட."

நாய் சுவரைப் பார்த்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

தடால்! கதவு உடைந்தது. அதே இரண்டு பேர். கையில் பட்டாக்கத்தி.

"சாட்சி சொல்லப் போறியா நீ?"

முதல் வெட்டு அறிவின் தோளில் இறங்கியது. ரத்தம் என் முகத்தில் தெறித்தது. கொதித்த குழம்பைச் சட்டியோடு தூக்கி வீசினேன். ஒருவன் அலறிக்கொண்டே என்னை வயிற்றில் உதைத்தான். இன்னொருவன் அறிவின் கழுத்துக்குக் கத்தியை ஓங்கினான்.

"ராக்கெட்! டேய் ராக்கெட்!"

அசையவில்லை.

அப்போது மேலிருந்து...

விசில். குட்டையாக இரண்டு.

நாய் எழுந்தது.

கத்தி பிடித்த கையைக் கவ்வியது. மடக்... எலும்பு முறிந்தது. மற்றவன் அதன் முதுகில் வெட்டினான். அவன் மேலும் பாய்ந்து கீழே தள்ளி, கழுத்தைப் பிடித்தது.

கை முறிந்தவன் மேலே பார்த்துக் கதறினான். "வில்சண்ணே... வுட்டுரு... வுட்டுருண்ணே!"

நீளமாக ஒரு விசில்.

நாய் பிடியை விட்டது. மாடிப்படிக்கு முன்னால் போய் உட்கார்ந்து வாலாட்டியது.

போலீஸ் வந்து இரண்டு பேரையும் அள்ளிக்கொண்டு போனது. மொட்டை மாடிக் கதவு பூட்டியே இருந்தது. சாவி என் இடுப்பில்தான் இருந்தது. திறந்து பார்த்தோம். ஆள் இல்லை. கூண்டு நிறைய அண்ணனுடைய புறாக்கள்.

மறுநாள் அறிவு கட்டுப் போட்ட தோளோடு போய்ச் சாட்சி சொன்னார். நான் நாயைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். டாக்டர் ஹஃப்சா தையல் போட்டுவிட்டு அதன் காதுக்குள் லைட் அடித்துப் பார்த்தார். பிறகு ஒரு எவர்சில்வர் தட்டை அதன் பின்னால் ஓங்கித் தரையில் போட்டார். நான் துள்ளினேன். நாய் துள்ளவில்லை.

"குண்டு வெடிச்சப்போ இது பக்கத்துல இருந்துச்சா?"

"ஆமாங்க டாக்டர்."

"ரெண்டு காதுலயும் சவ்வு கிழிஞ்சு போச்சும்மா. அன்னிலேர்ந்து இதுக்கு ஒண்ணுமே கேக்காது."



இப்போதும் பொழுது சாயும்போது ராக்கெட் எழுந்து போய் மாடிப்படிக்கு முன்னால் உட்காரும். வாலாட்டும். எனக்கு எந்தச் சத்தமும் கேட்பதில்லை.